பெயர் மாற்றும் அரசே, சட்டம் எங்கே?

2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பு செய்தார். அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்றார். ஜூலை 7 அன்று இன்னோர் அறிவிப்பு வந்தது. ஆதிதிராவிடர் நல விடுதிகள் உட்பட அரசு மாணவர் விடுதிகள் அனைத்தும் இனி 'சமூக நீதி விடுதிகள்' என்று அழைக்கப்படும். அக்டோபரில் ஓர் அரசாணை. ஊர்கள், தெருக்கள், நீர்நிலைகளுக்கு இருக்கும் சாதிப் பெயர்களை நீக்க வேண்டும்.

ஆறு மாதத்தில் மூன்று பெயர் மாற்றங்கள். ஒவ்வொன்றுக்கும் பாராட்டு, சுவரொட்டி, தலையங்கம்.

விடுதிகளின் பெயர் மாறி மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஜூலை 27 அன்று பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் 27 வயது மென்பொருள் ஊழியர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். பட்டியல் சாதி இளைஞர். வேறு சாதிப் பெண்ணோடு பழகியதுதான் காரணம் என்கிறது வழக்கு. கைதானவர் அந்தப் பெண்ணின் சகோதரர். அவருடைய பெற்றோர் இருவருமே காவல்துறையில் சார்பு ஆய்வாளர்கள். அவர்களையும் கைது செய்யும் வரை உடலை வாங்க மாட்டோம் என்று கொல்லப்பட்டவரின் குடும்பம் நாள்கணக்கில் உட்கார வேண்டியிருந்தது.

அந்தக் குடும்பமும் நாமும் கேட்டது ஒரு பெயர்ப்பலகையை அல்ல. ஆணவக் கொலைக்கு எதிராகத் தனிச் சட்டம் கேட்டோம். கிடைத்தது ஓர் ஆணையம்.

இந்த அரசைப் பற்றி நாம் சொல்ல வருவது இதுதான்: யாருடைய அதிகாரத்தையும் தொடாத காரியம் என்றால் இந்த அரசு ஒரே நாளில் செய்துவிடும். ஆதிக்கச் சாதியின் அதிகாரத்தில் கைவைக்க வேண்டிய காரியம் என்றால் குழு போடும், கருத்துக் கேட்கும், காலம் கடத்தும். இதைச் சோம்பல் என்று நினைத்து ஏமாற வேண்டாம். இது கணக்கு.

'இருக்கிற சட்டமே போதும்'

ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் என்பது நேற்று முளைத்த கோரிக்கை இல்லை. இந்தியச் சட்ட ஆணையம் 2012இலேயே தன் 242ஆவது அறிக்கையில் தனிச் சட்டத்தைப் பரிந்துரைத்தது. 2016இல் சென்னை உயர் நீதிமன்றம், சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்களைப் பாதுகாக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்க உத்தரவிட்டது. 2018 மார்ச்சில் 'சக்தி வாஹினி' வழக்கில் உச்ச நீதிமன்றம் தடுப்பு, நிவாரணம், தண்டனை என்று மூன்று வகையாக வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. 2019இல் ராஜஸ்தான் சட்டமன்றம் இதற்கென்றே ஒரு மசோதாவை நிறைவேற்றியது. பெரியார் பிறக்காத மண் அது.

பெரியார் மண்ணில் என்ன நடந்தது? 2024இல் இதே கோரிக்கை சட்டமன்றத்தில் எழுந்தபோது, இருக்கிற சட்டங்களே போதும் என்று முதல்வர் பதில் சொன்னார். போதுமா என்று பார்ப்போம். கல்லூரியில் இந்த வாதம் உங்களிடமும் வரும். அதனால் ஒவ்வொன்றாகத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ ஆக இருக்க வேண்டும், குற்றம் செய்தவர் அப்படி இல்லாதவராக இருக்க வேண்டும். அப்போதுதான் அது பொருந்தும். தலித் இளைஞரைக் காதலித்ததற்காக ஒரு பெண்ணை அவளுடைய குடும்பமே கொன்றால், கொல்லப்பட்டவள் பட்டியல் சாதி இல்லை. அந்தக் கொலைக்கு இந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது. பிற்படுத்தப்பட்ட இரண்டு சாதிகளுக்கு இடையே நடந்தாலும் பொருந்தாது. நம் வீட்டுப் பையனைக் காதலித்துச் செத்த பெண்ணுக்கும் சேர்த்துத்தான் நாம் சட்டம் கேட்கிறோம்.

இரண்டாவது, பாரதிய நியாய சன்ஹிதா. அதில் சாதி காரணமாகச் செய்யப்படும் கொலைக்கென்று 103(2) பிரிவு இருக்கிறதே என்பார்கள். அந்தப் பிரிவு ஐந்து பேரோ அதற்கு மேலோ கூட்டாகச் சேர்ந்து கொன்றால்தான் பொருந்தும். அண்ணன் ஒருவன் அரிவாளோடு வந்தால் அது சாதாரணக் கொலை வழக்கு.

மூன்றாவது, சதி. அரிவாள் பிடித்தவன் மாட்டுவான். அவன் கையில் அரிவாளைக் கொடுத்த குடும்பத்தின் சதியை நிரூபிப்பது கடினம். 2016இல் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் நடந்த கொலையை நாடே காணொளியில் பார்த்தது. விசாரணை நீதிமன்றம் பெண்ணின் தந்தைக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2020இல் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

நான்காவது, கொலைக்கு முன்பு நடப்பவை. மிரட்டல், வீட்டுக் காவல், அலைபேசியைப் பிடுங்குவது, படிப்பை நிறுத்துவது, ஊர்க் கூட்டம் போட்டு ஒதுக்கிவைப்பது. இவை சேர்ந்துதான் கொலையில் முடிகின்றன. ஆனால் இவற்றை ஒரே குற்றத்தின் படிகளாகப் பார்க்கும் சட்டம் நம்மிடம் இல்லை.

ஐந்தாவதுதான் அரசுக்கு மிகவும் கசப்பது: காவல் நிலையம். 2024 ஜனவரியில், திருமணம் செய்துகொண்டு திருப்பூர்ப் பக்கம் போய்விட்ட 19 வயதுப் பெண்ணைப் பல்லடம் காவல் நிலையத்திலிருந்து தந்தையோடு அனுப்பிவைத்தார்கள். தஞ்சை மாவட்டத்தில் ஊருக்குக் கொண்டுபோன மறுநாளே அவள் கொல்லப்பட்டாள். ஆய்வாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அவ்வளவுதான். வயது வந்த ஒரு பெண்ணை, அவள் யாருக்குப் பயந்து ஓடினாளோ அவர்களிடமே ஒப்படைப்பது தனிக் குற்றம் என்று எழுதிவைத்த சட்டம் இருந்திருந்தால், அந்த ஆய்வாளரின் கை ஒரு நிமிடமாவது நின்றிருக்கும்.

இந்தச் சட்டங்கள்தான் போதும் என்றார்கள். ஓராண்டு கழித்துப் பாளையங்கோட்டையில் ஓர் உயிர் போன பிறகு, கூட்டணிக் கட்சிகளே நேரில் போய்க் கேட்ட பிறகு, 2025 அக்டோபரில் ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் என்றார்கள். ஆட்சிக்கு வந்து நாலரை ஆண்டு முடிந்துவிட்டது. அடுத்த தேர்தலுக்குச் சில மாதங்களே இருக்கின்றன. நீதிபதியின் நேர்மை மீது நமக்குச் சந்தேகம் இல்லை. நாம் கேட்பதெல்லாம், சட்ட ஆணையமும் உச்ச நீதிமன்றமும் சொல்லி முடித்த பிறகு இவர் புதிதாகக் கண்டுபிடிக்க என்ன மிச்சம் இருக்கிறது என்பதுதான். 2021இலேயே இந்த ஆணையத்தை அமைத்திருந்தால் 2022இல் சட்டம் வந்திருக்கும். பல்லடத்துப் பெண் இன்று உயிரோடு இருந்திருக்கலாம்.

குழு சொன்னதில் பலகையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்

குழுக்களின் கதி என்ன என்பதற்கு நம் கண் முன்னே ஓர் உதாரணம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை, அவனோடு படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார்.

அதில் பெயர் பற்றிய பரிந்துரை இருக்கிறது. பள்ளிகளின் பெயரில் இருக்கும் 'ஆதிதிராவிடர் நல', 'கள்ளர் சீரமைப்பு' போன்ற முன்னொட்டுகளை நீக்கச் சொன்னார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. இப்படித் தனித்தனித் துறைகளின் கீழ்க் கிடக்கும் பள்ளிகளை எல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவரச் சொன்னார். ஒரு பகுதியில் ஆதிக்கம் செலுத்தும் சாதியைச் சேர்ந்தவர்களை அதே பகுதியில் கல்வி அதிகாரிகளாக நியமிக்கக் கூடாது என்றார். ஆசிரியர்களுக்கு நடத்தை விதி கேட்டார். மாணவர்களிடையே சாதிப் பாகுபாட்டை ஒழிக்கத் தனிச் சட்டம் கேட்டார்.

இதில் அரசுக்கு எது இனித்தது? பெயர். அதையும் விடுதிகளுக்குப் போட்டு, சமூக நீதி என்று எழுதி, விழா எடுத்துவிட்டார்கள். அதிகாரிகளை மாற்றச் சொன்ன பரிந்துரை? தனிச் சட்டம்? பள்ளிகளை ஒரே துறையின் கீழ் கொண்டுவருவது? இவற்றுக்கு ஏன் சுவரொட்டி இல்லை?

விடுதிகளுக்கு அடிக்கடி போய்வருகிறவர்கள் நாம். பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும். அண்மையில் போன ஒரு விடுதியில் பலகை பளபளவென்று இருந்தது. கழிவறை மூன்றில் இரண்டுக்குக் கதவு இல்லை. காப்பாளர் வாரத்தில் இரண்டு நாள் வருவார் என்றார்கள். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எங்களிடம் கேட்டான்: "பேர மாத்திட்டா எங்கள இனிமே ஸ்கூல்ல ஹாஸ்டல் பசங்கன்னு கூப்பிட மாட்டாங்களா?" எங்களிடம் பதில் இல்லை. 2023இல் உயர்த்திய பிறகு, விடுதியில் தங்கும் பள்ளி மாணவனுக்கு மாதம் 1,400 ரூபாய் உணவுப்படி. முப்பதால் வகுத்துப் பாருங்கள். மூன்று வேளைக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 47 ரூபாய். சமூக நீதியின் அன்றாட விலை அது.

'காலனி' போனது, நிலம் வந்ததா?

'காலனி' என்ற சொல் அவமானத்தின் குறியீடுதான். அதை நீக்கியதை நாம் எதிர்க்கவில்லை. முகவரி எழுதும்போது கை தயங்கிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அரசு யோசிக்க வேண்டும். ஊருக்கு வெளியே, நிலம் இல்லாமல், சுடுகாட்டுப் பாதைக்கும் சண்டை போட்டுக்கொண்டு நாம் வாழ வைக்கப்பட்டதிலிருந்து வந்தது. சொல்லை எடுத்தாகிவிட்டது. அந்த நிலைமை?

1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். அதை ஒட்டி 1892இல் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. சுமார் 12 லட்சம் ஏக்கர். பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத்தான் விற்கலாம் என்று நிபந்தனை. இன்று அந்த நிலம் யார் யார் கையில் இருக்கிறது என்பது ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் தெரியும். அதை மீட்கக் கேட்டு 1994இல் செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் போராடியவர்களில் இருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். வெள்ளைக்காரன் கொடுத்த நிலத்தை மீட்டுக் கொடுக்க இரண்டு கழகங்களுக்கும் அரை நூற்றாண்டு போதவில்லை. ஒரு சொல்லை எடுக்க ஒரே ஓர் அறிவிப்பு போதுமாக இருந்தது.

நகரத்திலும் இதே கதைதான். மலம் அள்ளியவர்களையும் குப்பை அள்ளுகிறவர்களையும் 'துப்புரவுப் பணியாளர்' என்றார்கள். 2020இல் அதிமுக ஆட்சி 'தூய்மைப் பணியாளர்' என்று பெயர் மாற்றியது. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் 5, 6 மண்டலங்களில் தூய்மைப் பணியைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்து அந்தத் தொழிலாளர்கள், அதிலும் பெரும்பாலும் தலித் பெண்கள், ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் வந்து இழுத்துப்போட்டு வண்டியில் ஏற்றியது. விடிந்ததும் அமைச்சரவை கூடி, தூய்மைப் பணியாளர்களுக்கு இலவசக் காலை உணவு என்று அறிவித்தது. அவர்கள் கேட்டது பணி நிரந்தரம். கொடுத்தது இட்லி.

வேங்கைவயலில் கிடைத்த பெயர்கள்

ஒரே ஒரு விஷயத்தில் அரசு பெயரைத் தேட இரண்டு ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது தெரிய வந்தது. குழந்தைகளுக்கு உடம்பு முடியாமல் போய் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகுதான் தொட்டியைப் பார்த்தார்கள். மாவட்ட ஆட்சியர் அங்கே போனபோது, தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையும் கோயிலில் நுழையத் தடையும் இருப்பது ஊரறிய வெளிப்பட்டது.

சிபிசிஐடி விசாரித்தது. மரபணுச் சோதனை நடந்தது. சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களும் இருந்தார்கள். 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தது. குற்றவாளிகள் என்று அதில் இருந்த மூன்று பெயர்களும் பாதிக்கப்பட்ட அதே தலித் மக்களின் பெயர்கள்.

அந்த மூவரும் குற்றச்சாட்டை மறுக்கிறார்கள். உண்மை என்ன என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் அரசிடம் நமக்கு வேறு கேள்வி இருக்கிறது. கூட்டணிக் கட்சிகள் உட்படப் பலரும் மத்தியப் புலனாய்வு விசாரணை கேட்டபோது ஏன் மறுத்தீர்கள்? உங்கள் விசாரணை மேல் உங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தால், இன்னொருவர் சரிபார்ப்பதில் என்ன பயம்? இரண்டு ஆண்டாக ஒவ்வொரு மேடையிலும் சமூக நீதி பேசிய முதல்வர் வேங்கைவயல் மக்களை அவர்கள் ஊரில் போய் ஏன் பார்க்கவில்லை?

'அப்படியென்றால் அவர்கள் வரட்டுமா?'

இதைச் சொன்னவுடன் ஒரு கேள்வி வரும். நண்பர்களிடமிருந்தே வரும். திமுகவைத் திட்டினால் அதிமுகவுக்கும் பாஜகவுக்கும்தானே லாபம்?

நமக்கு மறதி இல்லை. 2011 செப்டம்பரில் பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாளில் துப்பாக்கிச் சூடு நடத்தியது அதிமுக அரசின் போலீஸ். 2012 நவம்பரில் தருமபுரியில் மூன்று சேரிகள் எரிந்தபோது ஆண்டது அதிமுக. ஆணவக் கொலைக்குச் சட்டம் கொண்டுவர மத்தியில் பாஜகவுக்குப் பதினோரு ஆண்டு இருந்தது. செய்யவில்லை, செய்யவும் மாட்டார்கள். மனுவைத் தலையில் வைத்துக்கொண்டு சாதி மறுப்புத் திருமணத்துக்குச் சட்டம் எப்படி வரும்?

திமுகவின் கணக்கேடும் நம்மிடம் இருக்கிறது. 1968 கீழ்வெண்மணி, 1999 தாமிரபரணி. மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேரைக் கொன்ற வழக்கில் தண்டனை பெற்றவர்களில் மூன்று பேரை 2008இல் திமுக அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. 13 பேரை 2019இல் அதிமுக அரசு விடுதலை செய்தது. கொலைகாரர்களை வெளியே விடுவதில் இரண்டு கழகங்களுக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

'அவர்கள் மோசம்' என்பது இவர்களுக்கு வாக்களிக்க ஒரு காரணமாக இருக்கலாம். இவர்களைக் கேள்வி கேட்காமல் இருக்க அது காரணம் ஆகாது. நம் பயத்தை மூலதனமாக வைத்து ஒரு கட்சி நடக்கும் என்றால், அந்தப் பயம் தீராமல் பார்த்துக்கொள்வதுதான் அதற்கு லாபம்.

நம் கட்சிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கூட்டணியில் இருப்பது தவறில்லை. ஆனால் கோரிக்கை மனு கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளத் தேவையான பலமும், சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவர வைக்கத் தேவையான பலமும் வேறு வேறு. இரண்டாவதைக் காட்டுங்கள். உங்கள் பின்னால் நாங்கள் வருகிறோம்.

முடியாதது இல்லை

செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதே கட்சி செய்து காட்டியிருக்கிறது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய தனி ஊராட்சிகளில் 1996இலிருந்து பத்தாண்டு காலம் தலித் ஒருவரைத் தலைவராக இருக்கவே விடவில்லை. 2006இல் திமுக அரசு முடிவெடுத்தது. தேர்தல் நடந்தது, தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். எந்த ஆதிக்கச் சாதியை மீற முடியாது என்றார்களோ, அதே சாதி அடங்கிப் போனது. அரசு நினைத்தால் முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். 2021இல் அனைத்துச் சாதியினரையும் அர்ச்சகர் ஆக்கியபோதும், மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையத்தை அமைத்தபோதும் நாம் கைதட்டினோம். செய்யத் தெரிந்தவர்கள் செய்யாமல் இருக்கும்போதுதான் கோபம் கூடுதலாக வருகிறது.

பெயரை மாற்றினால் எந்தத் தொகுதியிலும் ஒரு வாக்கும் குறையாது. ஆணவக் கொலைச் சட்டம் வந்தால் எந்தெந்த மாவட்டத்தில், எந்தெந்தச் சாதிச் சங்கத்தின் முகம் சுருங்கும் என்று ஆளும் கட்சிக்குத் தெரியும். அவர்களுடைய வாக்குக்குப் பயம் இருக்கிறது. நம் வாக்குக்கு இல்லை. அது எங்கே போய்விடப் போகிறது என்ற தைரியம். அந்தத் தைரியத்தைக் கலைப்பதுதான் இந்தத் தேர்தலுக்குள் நம் வேலை.

தோழர்களே, படிக்கும் இடத்திலிருந்தே மூன்று வேலைகளை உடனே தொடங்கலாம்.

ஒன்று: வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன்படி, முதல்வர் தலைமையிலான மாநிலக் கண்காணிப்புக் குழு ஆண்டுக்கு இரண்டு முறையும், ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் கூட வேண்டும். உங்கள் மாவட்டத்தில் கடைசியாக எப்போது கூடியது, என்ன முடிவெடுத்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய்தான்.

இரண்டு: சாதி மறுப்புத் தம்பதியருக்கான சிறப்புப் பிரிவு உங்கள் மாவட்டத்தில் இயங்குகிறதா, எந்த எண்ணில் அழைப்பது என்று அதே மனுவில் கேளுங்கள். பதில் வந்தால் கல்லூரிச் சுவரில் ஒட்டுங்கள். வராவிட்டால் வரவில்லை என்று எழுதி ஒட்டுங்கள்.

மூன்று: வாக்குக் கேட்டு வருகிற எந்தக் கட்சி வேட்பாளரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். முதல் கூட்டத்தொடரிலேயே ஆணவக் கொலைத் தடுப்புச் சட்டத்துக்குக் கை தூக்குவீர்களா? ஆம், இல்லை இரண்டில் ஒன்றுதான் பதில். 'ஆணையம் அமைத்திருக்கிறோம்' என்று இழுத்தால் அதை 'இல்லை' என்று குறித்துக்கொள்ளுங்கள்.

விடுதிப் பையன் கேட்ட கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துப் பள்ளிக்கூடத்தில் அவனை யாரும் கூப்பிடப்போவதில்லை. அவன் மேல் கை வைத்தால் என்ன ஆகும் என்று பயந்தால்தான் கூப்பிடும் விதம் மாறும். அந்தப் பயத்தைப் பெயிண்டால் எழுத முடியாது. சட்டமாக எழுத வேண்டும். எழுதுங்கள்.